நாலு கால் வைத்த எழுத்து

தண்ணீர் தெளித்து அணைத்த அடுப்புக் கரியைச் சுண்ணாம்புச் சுவரில் இழுத்தால் 'கிறீச்' என்று பல் கூசும். ஆனாலும் கை நிற்காது. ஏரியூர்ப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டின் முன்னறைச் சுவர்தான் என் முதல் சிலேட்டு. கொத்தனாரான அப்பா தன் கையாலேயே எழுப்பிப் பூசிய சுவர் என்பதால் அம்மாவுக்கு மனசு ஆறாது. "செவுத்த நாறடிச்சு வெச்சிருக்கறா, வரட்டும் உங்கப்பன்" என்று மிரட்டுவாள்.

திங்கட்கிழமை விடியலில் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பும் அப்பா சனிக்கிழமை சாயங்காலம்தான் திரும்புவார். வந்ததும் பையை இறக்கிவிட்டு, "வூட்டுல என்ன சேதின்னு பாக்கலாம்" என்று நேராகச் சுவர் முன்னால் உட்காருவார்.

முதலில் வெறும் சுழிகளாக இருந்தவை மெல்ல மூடிக்கொண்டு வட்டங்களாகி, வட்டத்திலிருந்தே கால்கள் முளைத்து மனிதர்களாகவும் ஆடுகளாகவும் ஆகியிருந்த காலம் அது. அப்பா விரல் வைத்துப் படிப்பார். "மழ பேஞ்சிருக்குது. ஆடு குட்டி போட்டிருக்குது, ரெண்டு. இது உங்கம்மாவா? கோவமா இருக்கறாளாட்ட இருக்குது!" ஒன்றுகூடத் தப்பாது. வாரம் முழுக்க அந்த விரலுக்காகவே நான் காத்திருந்தேன்.

பிறகு என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். எழுத்து கூட்ட வந்ததும் சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வாரம் படமே போடாமல், சுவரில் பெரிதாக 'ஆடு' என்று எழுதி வைத்தேன். சனிக்கிழமை அப்பாவின் விரல் அதன்மேல் வந்து நின்றுவிட்டது.

"நல்லாருக்குது கண்ணு. ஆடு எங்க?"

"இதாம்பா ஆடு."

"காலக் காணமே?" என்று சிரித்தார். ஆனால் அவர் கண் அம்மா பக்கம் போனது. "உங்கப்பனுக்கு எழுத்து தெரியாது புள்ள" என்றாள் அம்மா, மெதுவாக.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எழுதப் பழகிவிட்டால் இனி அப்பாவிடம் சேதியே சொல்ல முடியாதோ என்று பயந்துபோனேன். ஓடிப்போய்க் கரியை எடுத்து வந்து, அந்த இரண்டு எழுத்துக்கும் கீழே நாலு காலும் கடைசியில் ஒரு வாலும் வைத்தேன்.

"அட, இப்ப நடக்குதே!" என்றார் அப்பா.

பள்ளிக்கூடத்திலும் கால் வைத்தேன். டீச்சர் சிரித்துக்கொண்டே அதை அழித்துவிட்டார். அதன் பிறகு அங்கே காலில்லாத ஆடும் வீட்டில் காலுள்ள ஆடும் எழுதினேன். கை பழகப் பழக, படம் போடுவதே அலுத்துப்போய், சேதிகளை வாயாலேயே சொல்லத் தொடங்கினேன். அப்பா மட்டும் வெகுநாள் வரை சுவர் முன்னால்தான் வந்து உட்கார்ந்தார்.

இப்போது தருமபுரியில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்கிறேன். கரியும் இல்லை, அந்தச் சத்தமும் இல்லை. போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, பெங்களூர் வேலையை விட்டுவிட்ட அப்பா, பெயின்ட் அடிப்பதற்காக அந்தச் சுவரின் பழைய சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டுப் பட்டி மாவைக் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நிற்கும்போதே, ஈரத்தில் விரலால் நிதானமாக 'ஆடு' என்று எழுதினார். கீழே நாலு கால் வைத்தார், வாலும் வைத்தார்.

"சரியா இருக்குதா கண்ணு?"

"சரியா இருக்குதுப்பா" என்றேன்.

அது காய்ந்ததும் அதன் மேலேயே அடுத்த பூச்சைப் பூசிவிட்டார். இப்போது சுவர் பளபளவென்று இருக்கிறது. அந்த இடத்தில் ஒரு காலண்டர் மாட்ட ஆணி அடிக்கக்கூட அப்பா விடுவதில்லை.