மிச்சம் வைத்த பாதி

தடயவியல் ஆய்வகத்தில் அவளைப் 'பாதி அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பாலியல் வன்கொடுமை வழக்குகளில் மருத்துவமனையிலிருந்து வரும் பஞ்சுக்குச்சியின் நுனியை வெட்டி, ஒரு பாதியைத்தான் சோதனைக்குப் போடுவாள். மறுபாதி காகித உறைக்குள் புகுந்து குளிர்பெட்டிக்குப் போய்விடும்.

"வீட்ல மாமாவுக்கும் பாதி டம்ளர் காபிதானாக்கா?" என்று பக்கத்து மேசைப் பெண் சீண்டுவாள்.

"காபி நாளைக்கும் கிடைக்கும்டி. இது கிடைக்குமா?"

சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். அந்தப் பஞ்சில் பெண்ணின் செல்கள் குவிந்து கிடக்கும், ஆணுடையவை பெயருக்குத்தான் இருக்கும். பெண்ணுடையதைக் கரைத்து, திரும்பத் திரும்பக் கழுவி, அடியில் தங்கும் ஆண் செல்களை எடுக்க வேண்டும். கழுவுகிற கழுவலில் அந்தக் கொஞ்சமும் போய்விடுவது உண்டு.

ஒரு பஸ் டிரைவரின் மகள் விஷயத்தில் அப்படித்தான் ஆனது. அந்தப் பெண் ஓர் ஆளைக் கைகாட்டியிருந்தாள்; ஒப்பிட்டுப் பார்க்க அவனுடைய ரத்த மாதிரியும் வந்திருந்தது. அறிக்கையிலோ ஆணின் டிஎன்ஏ கிடைக்கவில்லை என்று வந்தது. அப்பாக்காரர் ஆய்வகத்துக்கே வந்துவிட்டார்.

"மிச்சத்தையும் போட்டுப் பாத்துடுங்கம்மா."

"இப்பப் போட்டா அதுவும் வீணாப் போயிடுங்க. நல்ல வழி ஒண்ணு வரும், பொறுங்க. கிடைக்கலன்னா நடக்கலன்னு அர்த்தம் இல்ல."

அவர் தலையாட்டினார். சொன்னது காதில் ஏறியதா என்று அவள் கவனிக்கவில்லை. கையில் வேலை காத்திருந்தது.

பல வருஷம் கழித்து அந்த நல்ல வழி வந்தே விட்டது. கழுவவே வேண்டாம். பெண்ணின் டிஎன்ஏவை மட்டும் அழித்துவிட்டு ஆணுடையதை அப்படியே விட்டுவைக்கும் மருந்து. பழைய உறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். டிரைவர் மகளின் பாதிப் பஞ்சு பளிச்சென்று பேசியது. அந்தப் பெண் சொன்ன அதே ஆள்தான். பாதி அக்கா அன்றைக்கே அறிக்கை எழுதிப் போலீசுக்கு அனுப்பினாள்.

போலீஸ் தகவல் சொன்னதும் டிரைவர் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. பாதி அக்காவே வாசலுக்கு ஓடினாள்.

"உங்க பொண்ணு உண்மையத்தாங்க சொல்லியிருக்கு. முதல்ல அதுகிட்ட சொல்லிடுங்க."

அவர் முடியாது என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

"அன்னிக்கு இங்கருந்து நேரா வீட்டுக்குப் போனேம்மா. லேப்லயே ஒண்ணும் இல்லன்னுட்டாங்க, ஏன்டி பொய் சொன்னேன்னு கேட்டுட்டேன். விடிஞ்சு பாத்தா அவளக் காணோம். இன்னிக்கு வரைக்கும் தேடிட்டிருக்கேன்."