எங்க ஆளு படம்

கத்தரிக்கோல் நின்றுவிட்டால் கோபம் வந்துவிட்டது என்று பொருள். என் முடி ஒரு பக்கம் தோளுக்கு மேலும் மறுபக்கம் தோளுக்குக் கீழுமாகத் தொங்கிக்கொண்டிருக்க, முடி வெட்டும் அக்கா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கேட்கிறார்: "அவ என்னைக்கு, டீச்சர், இடது கையில மைக்கைப் பிடிச்சா?"

எனக்கு எப்படித் தெரியும்? நான் முடி வெட்டிக்கொள்ள வந்தவள். தெரியாது என்றால் விளக்கம் வரும். தெரியும் என்றால் அதைவிட நீளமான விளக்கம் வரும். இரண்டுக்கும் பொதுவாகத் தலையை ஆட்டிவைக்கலாம் என்றால் காது போய்விடும்.

'அவ' என்பது ஒரு காலத்தில் அரங்கங்களை நிரப்பிய பாடகி. இறந்து சில வருடங்களாகின்றன. எங்கள் தெருமுனையில் பெண்களுக்கு முடிதிருத்தும் இந்த அக்காவுக்கு அவர் 'எங்க ஆளு'. நேரில் ஒரு வார்த்தை பேசியதில்லை. இருந்தாலும் கூடப்பிறந்தவளைப் பற்றிப் பேசுகிற உரிமையோடுதான் பேசுவார். கடை ரேடியோவில் வேறு யாராவது பாடினால் சத்தம் தானாகக் குறைந்துவிடும். இப்போது அந்தப் பாடகியின் வாழ்க்கையைப் படமாக எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து கடைக்கு வருகிற யாருக்கும் நிம்மதி இல்லை.

நடிகையின் பல்லில் தொடங்குவார். "எங்க ஆளுக்கு முன்பல்லு ரெண்டும் லேசா ஏறியிருக்கும். அதுதானே அழகு? இவளுக்கு டாக்டர் கட்டிவிட்ட பல்லு." குடித்துவிட்டு அடித்த புருஷனைப் படத்தில் தெய்வமாக்கிவிட்டார்களாம். கூடவே இருந்து பாட்டெழுதிய தங்கையைக் காணவே காணோமாம். இவ்வளவையும் திட்டி முடித்துவிட்டு, குரல் இறங்கி, "நடையை மட்டும் அப்படியே உரிச்சு வெச்சிருக்கா. மேடைக்கு அவ வந்ததும் நான் சீட்டைவிட்டு எந்திரிச்சு நின்னுட்டேன்" என்பார். அடுத்த நிமிடமே, அந்த நடையும் பாதிப் படத்துக்கு மேல் கெட்டுப்போனது என்று ஆரம்பித்துவிடுவார்.

பிடிக்காத படத்துக்கு எதற்கு மறுபடியும் மறுபடியும் போகிறாய் என்று அவர் கணவர் கேட்டிருக்கிறார். பஸ் டிரைவர், பொறுமைசாலி. அதற்கு இவர் சொன்ன பதில்: "நம்ம வீட்டுக் கல்யாணத்துல சாப்பாடு சரியில்லைன்னா எந்திரிச்சுப் போயிருவியா?"

உண்மையான வலி வேறு இடத்தில் இருக்கிறது. பாடகிக்குத் தொண்டையில் அறுவைசிகிச்சை நடந்து குரல் போனது. பிறகு கரகரத்த குரலோடு திரும்பி வந்தார். முதல் நிகழ்ச்சியில் ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். அவர் மேடையிலேயே உட்கார்ந்து, அந்தக் குரலாலேயே பாடி முடித்தார். அதை இந்த அக்கா டிவியில் பார்த்தபோது, வலது மணிக்கட்டு எலும்பு முறிந்து, கூடினாலும் விரல் மடங்காமல், கடையை விட்டுவிடலாம் என்று வீட்டில் கிடந்திருக்கிறார். மறுநாள் காலையில் எழுந்து இடது கையால் துணி வெட்டிப் பழகத் தொடங்கினார்.

அந்த நிகழ்ச்சி படத்தில் இல்லை. ஆஸ்பத்திரிக் கதவு மூடுகிறது, திரை இருள்கிறது, ஒரு வரி வருகிறது. "சில ஆண்டுகளுக்குப் பிறகாம் டீச்சர்," என்றார். "எவ்வளவு லேசா போட்டுட்டான் பாருங்க."

அன்று அவர் கத்தவில்லை. என் கழுத்திலிருந்த முடியைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார், தட்ட ஒன்றுமில்லாத பிறகும்.

இந்த நேரத்தில் கல்லூரி விடுதியிலிருந்து மகள் வந்தாள். 'அந்தக் கிழவி பாட்டை நிறுத்தும்மா' என்று சொல்லியே வளர்ந்தவள், படத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பாட்டுகளையே முணுமுணுக்கிறாள். சந்தோஷப்பட வேண்டியதுதானே? இல்லை. படத்தில் பாடியது வேறு யாரோ. "இவ புடிச்சுக்கிட்டு சுத்துறது எங்க ஆளையே இல்ல," என்று என்னிடம் புகார். மகளோ, அம்மாவோடு சேர்ந்து ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். இருவர் மட்டும் போனால் சண்டை வந்துவிடும் என்று அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நடுவில் அவர், அந்தப் பக்கம் மகள், இந்தப் பக்கம் நான்.

முதல் பாதி முழுக்க என் காதில் திருத்தங்கள் விழுந்துகொண்டே இருந்தன. இந்த மைக் தப்பு, அந்தச் சட்டை அப்போது வரவேயில்லை. இடைவேளையில் கடைசிக் காட்சியைப் பற்றி முன்கூட்டியே எச்சரித்தார். பாடகியைப் பெற்ற தாய் மன்னித்துத் தேடி வருவதாகக் காட்டுவார்களாம். சுத்தப் பொய். அந்த அம்மா சாகும்வரை மகளை வீட்டுப் படியேற விடவில்லை.

அந்தக் காட்சி வந்தது. பாட்டுக்கு நடுவே அரங்கின் கடைசி வரிசையில் ஒரு வயதான பெண் வந்து நிற்கிறாள். மேடையில் குரல் தடுமாறுகிறது. அந்தப் பக்கம் பார்த்தேன்: மகள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், கைநீட்டி அம்மாவின் விரல்களைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

அக்காவிடமிருந்து ஒரு சத்தமும் வராததால், அவருக்காக நானே சாய்ந்து, "இது நடக்கவே இல்லதானே?" என்று கிசுகிசுத்தேன்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. மகள் பிடித்திருந்த கையை அசைக்காமல், தலைச்சாயம் மணக்கும் மறுகையால் என் வாயைப் பொத்தினார்.