கப்பலில் வரவேண்டிய தீட்டு

மலாயாவில் கோத்தா திங்கிப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், எங்கள் கூலிக் குடியிருப்பு லயத்துக்கு முதன்முதலாக ஆகாய மார்க்கமாய் வந்த கடுதாசி ஒரு சாவுக் கடுதாசி. மெட்ராஸில் அச்சாபீஸ் வேலையிலிருந்த பெரியப்பா இறந்துவிட்டார். அவருடைய முதலாளி, தம்பிக்குச் சீக்கிரம் தெரியட்டுமென்று நல்ல மனதோடு கூடுதல் தபால்தலை ஒட்டி அனுப்பியிருந்தார். அது ஆறே நாளில் சிங்கப்பூருக்குப் பறந்து வந்து, ஏழாம் நாள் எங்கள் கைக்கு வந்துவிட்டது.

அன்று சாயங்காலம்தான் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டு. முந்தின வருஷம் குளிர்காய்ச்சலில் நான் பிழைக்கமாட்டேன் என்று எல்லோரும் கைவிட்டபோது, தீச்சட்டி எடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். பங்காளி சாவுக்குப் பதினாறு நாள் தீட்டு. கோயில் படியையே மிதிக்கக் கூடாது. இந்த வருஷம் தவறினால், கொடுத்த பிள்ளையை ஆத்தா திருப்பிக் கேட்பாள் என்று அம்மா பயந்தாள்.

வேறொருத்தியாக இருந்தால் கடுதாசியை அரிசிப் பானைக்குள் போட்டு மூடியிருப்பாள். அம்மா ஒரு கையில் அதையும் மறுகையில் என்னையும் பிடித்துக்கொண்டு நேரே கோயிலுக்குப் போய், படிக்கு வெளியே நின்றாள். அப்பா பின்னால் வந்தார்.

“ஆத்தாகிட்ட மறைக்க மாட்டேன் சாமி. எங்க வீட்டுக்காரரு அண்ணன் செத்துட்டாரு. காப்புக் கட்டுங்க” என்று என் கையை விட்டுவிட்டுத் தன் கையை நீட்டினாள்.

பூசாரி திடுக்கிட்டார். “தீட்டு வந்திருச்சேம்மா!”

“கடுதாசிதான் வந்திருக்கு. தீட்டு வரல. நாங்க கப்பல்ல வந்த சனம். எங்க நல்லது கெட்டது எல்லாம் கப்பல்லதான் வரும். அது வர இன்னும் ரெண்டு வாரம் ஆகும்.”

கடுதாசியைப் படித்துச் சொன்ன தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா, கிராணியும் அங்கே இருந்தார். “இதுவும் கப்பல்தானே? ஆகாயக் கப்பல்!” என்று சிரித்தார்.

“அதுல என்னை ஏத்துவாங்களா ஐயா? நோய் இருக்கும்னு எங்களைத் தீவுல அடைச்சுவச்சு, மருந்துத் தண்ணில முக்கியெடுத்துத்தானே உள்ள விட்டாங்க. தீட்டு மட்டும் தொரை மாதிரி பறந்து வருமோ?”

“பொம்பளைக்கு வாயைப் பாரு!” என்றார் அங்கே நின்ற கங்காணி.

அம்மா நீட்டிய கையை மடக்கவில்லை. “தப்புன்னா ஆத்தா என்னைக் கேக்கட்டும். நீங்க கட்டுங்க சாமி.”

பூசாரி சன்னதியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கட்டினார்.

ஒன்பதாம் நாள் அம்மா தீச்சட்டி எடுத்தாள். தாயின் கிருபை, கை சிவக்கக்கூட இல்லை. அவள் செய்தது தப்பென்று இன்றைக்கும் என்னிடம் யாராவது சொல்லட்டும், பார்க்கலாம்.

கடுதாசி வந்த பதினைந்தாம் நாள் காலையில், “கப்பல் வந்திருச்சுங்க” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத் தலைவிரித்து உட்கார்ந்தாள். அப்பா அழுத அழுகையில் லயமே கூடிவிட்டது. அன்று தொடங்கிப் பதினாறு நாளும் ஒன்று குறையாமல் தீட்டுக் காத்தார்கள். எனக்குச் சிரிப்பாக இருந்தது. பெரியப்பா செத்து மூன்று வாரமாயிற்று, இப்போது போய் அழுகிறார்களே!

அந்த இரண்டு வாரமும் அப்பா பால்வெட்டுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் கண் சிவந்திருக்கும். ஏனென்று அம்மாவைக் கேட்டேன். கொசுவுக்காக இடுப்பில் கொளுத்திக் கட்டுகிற சாக்குத் திரியின் புகை என்றாள். நானும் நம்பினேன்.