செங்கல் முகத்துக்குப் பின்னால்

ஜன்னல் சட்டத்துக்கும் நிலைக்கும் நடுவே கத்தியின் மெல்லிய அலகு புகுந்து, காய்ந்த பெயிண்டை அறுத்துக்கொண்டு இறங்குகிறது. அதைப் பிடித்திருக்கும் விரல்களின் நுனியெல்லாம் வெடிப்பு. அலகு எங்காவது முட்டினால் கை நின்றுவிடும், முரட்டுத்தனம் காட்டாது.

ஹெட்டி பார்ஸ்லோ அறுபதை நெருங்குகிறவள். மேலும் கீழும் ஓடும் பழைய ஜன்னல்களைச் சீர்செய்வது அவள் தொழில். இங்கிலாந்தின் லட்லோ ஊரில் அவளைத் தெரியாத தெரு இல்லை. ஜன்னல் அசையும்வரை டீயைத் தொடமாட்டாள். கோபம் வந்தால் அவள் குரல் தாழும். இன்று காலையிலிருந்தே தாழ்ந்துதான் இருக்கிறது.

அவளைக் கூப்பிட்டவள் மேல்மாடி அறையில் குடியிருக்கும் கிளாடிஸ் பெவன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள், மூச்சிரைப்புக்காரி. மதியம் நகரசபை அதிகாரி வருகிறார். ஜன்னல் திறக்காவிட்டால் அறை குடியிருக்க லாயக்கில்லை என்று எழுதிவிடுவார். கிளாடிஸ் காலி செய்ய வேண்டியதுதான். வீட்டுக்காரர் ஹாக்கின் அதற்காகத்தான் காத்திருக்கிறார்.

"பழைய மரவீடு. தெருவுல போறவன் பாத்து மெச்சணும்னு முன்னாடி செங்கல் செவுத்த ஒட்டிட்டான் அந்தக் காலத்துல ஒருத்தன்," என்றாள் ஹெட்டி. அறையின் தரை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. உத்தரம் ஜன்னலின் தலைக்குக் குறுக்கே ஓடியது. "உள்ள இருக்கறவ மூச்சு விடணுமேன்னு எவனும் யோசிக்கல."

"செத்துப்போனவன அப்புறம் திட்டிக்கலாம். கைய ஓட்டுடி," என்றாள் கிளாடிஸ்.

"நீ வாய மூடு. பாதிக் காத்து மிச்சமாகும்."

கீழ்மூலையில் அலகு முட்டியது. ஹெட்டி பெயிண்டைச் சுரண்டினாள். உள்ளே பளபளவென்று புது திருகாணி ஒன்று. எதிர்மூலையிலும் ஒன்று.

"ஹாக்கின் எப்ப பெயிண்ட் அடிச்சான்?"

"ஈஸ்டருக்கு. நான் கேக்காமலே வந்து அடிச்சுக் குடுத்தான். பாவம்னு கேக் வேற வெட்டிக் குடுத்தேன்."

"கேக்கு," என்றாள் ஹெட்டி. குரல் அநேகமாகக் கேட்கவே இல்லை.

திருகாணிகளைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டாள். சட்டத்தை வெளியே எடுத்து, இற்றுப்போன கயிறுகளை மாற்றி, சட்டத்தின் பாரத்தைச் சமன்செய்து தாங்க நிலைக்குள் தொங்கும் இரும்பு எடைகளை மறுபடி கட்டினாள். சட்டத்தை ஏற்றி, ஓடும் தடத்தில் மெழுகுவர்த்தித் துண்டைத் தேய்த்தாள். மேசையில் டீ ஆறிக் கிடந்தது.

அதிகாரியோடு படியேறி வந்தார் ஹாக்கின். "மரம் ஊறிப்போச்சு சார். யார் வந்தாலும் திறக்காது. நானும் எவ்வளவோ பாத்துட்டேன்."

ஹெட்டி அவர் கையைப் பிடித்து விரித்து, இரண்டு திருகாணிகளையும் உள்ளங்கையில் வைத்தாள். அவற்றில் பெயிண்ட் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. "ஊறினது இதுதான்."

அதிகாரி திருகாணிகளைப் பார்த்தார். பிறகு ஹாக்கினைப் பார்த்தார்.

"கிளாடிஸ், இங்க வா. ஒரு விரல் போதும்."

கிளாடிஸ் பித்தளைக் கொக்கியில் விரலைக் கொடுத்தாள். சட்டம் சத்தமில்லாமல் மேலே போயிற்று. தெருவின் காற்று உள்ளே வந்தது. சட்டம் விழுந்தால் தாங்க, ஹெட்டியின் உள்ளங்கை அதன் கீழேயே கூடப் போயிற்று. கிளாடிஸ் விரலை எடுத்தாள். சட்டம் அங்கேயே நின்றது. அப்புறம்தான் ஹெட்டி தன் கையை விலக்கிக்கொண்டாள்.