206 சென்டிமீட்டர்: மூசாவைப் பார்க்கப் போன சனிக்கிழமை

ஏப்ரல் இரண்டாம் சனிக்கிழமை, பியர்பொன்ட்ஸில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து மொன்றியல் நகருக்குள் இருக்கும் ஒரு கூடைப்பந்து ஜிம்முக்குப் போய்வந்தேன். 24 கிலோமீட்டர்தான். இதைப் பயணம் என்று எழுத எனக்கே கொஞ்சம் வெட்கம். ஆனால் போய்ச் சேர ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆனது, அதற்கு முந்திய மூன்று இரவும் நான் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை. முதல் தடவை தனியாக விமானம் ஏறியபோதுகூட இப்படி நித்திரை கெடவில்லை.

எந்தக் கல்லூரியின் ஜிம் என்று சொல்லமாட்டேன். வழக்கமாக இந்த வலைப்பூவில் கழிப்பறைக் கதவின் நிறம்வரை எழுதுகிறவள் நான். இந்த முறை முடியாது. மூசா என்பதும் அவனுடைய உண்மைப் பெயர் இல்லை. ஏன் என்று வாசிக்க வாசிக்கத் தெரியும்.

நான் அந்தக் கல்லூரியில் படித்ததே இல்லை. பதினைந்து வயதில் ஒரு இலவச டிக்கெட் கிடைத்தது, போனேன், பைத்தியம் பிடித்தது. ஆட்டத்தைப் படிக்க யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். எங்கள் அணிக்கு நீண்ட நாளாக ஒரே குறை: சென்டர் இல்லை. கூடைக்குக் கீழே நின்று பந்தைப் பிடிக்க ஒரு நெடிய ஆள் வேண்டும். பிப்ரவரியில் பயிற்சியாளர் செனகல் நாட்டு டாக்காரிலிருந்து ஒருவனைக் கூப்பிட முயல்கிறார் என்று தெரிந்ததும் எங்கள் ரசிகர் குழு, ஏறத்தாழ முந்நூறு பேர், தலைகீழாக நின்றது. பத்தொன்பது வயது மூசா. ஏழடி, அதாவது 213 சென்டிமீட்டர் என்று அவனுடைய கழகத்தின் இணையப் பக்கத்தில் போட்டிருந்தது.

வெளிநாட்டுப் பக்கங்களில் போடும் உயரத்தை எங்கள் குழுவில் யாரும் நம்புவதில்லை. ஆகவே வழக்கம்போல விவாதம். நான் என்ன செய்தேன் என்றால், அவனுடைய சொந்தக்காரர் ஒருவர் போட்டிருந்த பழைய படத்தைத் தேடி எடுத்தேன். ஒரு கடைக்குள் நிற்கிறான், பக்கத்தில் குளிர்பான ஃபிரிட்ஜ். அந்த ஃபிரிட்ஜின் மாடலைக் கண்டுபிடித்து, அதன் உயரத்தைப் பார்த்து, கோடு கீறி, சாய்வைக் கழித்து, 206 என்று விடை எடுத்துப் போட்டேன். ‘ஏழடி இல்லை, ஆறடி ஒன்பது’ என்று தலைப்பு. ஒரு மணி நேரத்துக்குள், அவன் மேல் கண் வைத்திருந்த அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் ரசிகர்களும் அதை எடுத்துப் பகிர்ந்தார்கள். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

பிறகுதான் கேலி தொடங்கியது. அவனுடைய படங்களுக்குக் கீழே எல்லாம் ஃபிரிட்ஜ் படம். ஒரு நாள் அவன் தன் கணக்கையே பூட்டிவிட்டான். அடுத்த வாரம், அவன் எங்கள் கல்லூரியைப் பார்க்க வருகிறான், சனிக்கிழமை பதினொரு மணிக்குத் திறந்த பயிற்சியில் ஆடுவான் என்று செய்தி. குழுவில் எல்லோருக்கும் ஒரே பயம்: எங்கள் ஆட்களே இப்படிச் செய்தால் அவன் ஏன் இங்கே வருவான்? அவன் வராவிட்டால் பழி யார் தலையில் என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

காலை 8:35க்கு வீட்டை விட்டு இறங்கினேன். பியர்பொன்ட்ஸ் பூலவார்ட் என்கிற பெருந்தெருவில் பஸ் 8:48க்கு வர வேண்டியது 8:57க்குத்தான் வந்தது, முதல் நாள் பெய்த பனி உருகித் தெருவெல்லாம் சேறு. ‘போன்ஜூர்’ சொல்லி ஏறினால், சாரதி என் தொப்பியில் இருந்த அணிச் சின்னத்தைப் பார்த்து, அந்த நெடுவல் கையெழுத்துப் போட்டுவிட்டானா என்று கேட்டார். இல்லை என்றேன். ஃபிரிட்ஜ் கதை அவருக்கும் தெரிந்திருந்தது. மிச்ச வழி முழுக்க ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தேன்.

நிலையத்திலிருந்து ரயில் 9:16. நகர மையத்துக்கு 9:44. பஸ், ரயில், மெட்ரோ எல்லாம் சேர்த்து ஒரு வழிக்கு 3.75 டொலர், நான் போனபோது. அடுத்த ஜூலையில் கூட்டினால் என்னைத் திட்ட வேண்டாம்.

அங்கே நிரோ அண்ணை கோப்பியோடு நின்றார். எங்கள் குழுவில் இருக்கும் பதினொரு தமிழர்களில் ஒருவர், புரோசார்டிலிருந்து எதிர்ப்பக்க ரயிலில் வந்தவர். முப்பத்தாறு வயது, இரண்டு பிள்ளைகள். இந்த அணிக்காக மனைவியிடம் வாங்கும் ஏச்சை ஒரு விருது மாதிரிச் சொல்லித் திரிவார். என் முகத்தைப் பார்த்ததும் சிரித்தார்.

“என்ன பிள்ளை, அளவு நாடா கொண்டந்தனியோ?”

“அண்ணை, பகிடி விடாதேங்கோ. எனக்குச் சத்தி வாற மாதிரிக் கிடக்கு.”

“சத்தி எடுக்கிறதெண்டா இப்பவே எடு. அங்க போய் அவன்ர காலில எடுத்துப்போடாத.”

மெட்ரோ நாலு நிறுத்தம், பிறகு ஏற்றத்தில் ஒன்றரைக் கிலோமீட்டர் நடை. நடைபாதையில் குளிர்கால மணல் இன்னும் கூட்டப்படவில்லை, சறுக்கும். 10:25க்கு வாசல். அனுமதி இலவசம். குழுவின் நிர்வாகி முதல் நாளே கட்டளை போட்டிருந்தார்: யாரும் அவனோடு பேசக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, முக்கியமாக ஃபிரிட்ஜ் பற்றி மூச்சு விடக் கூடாது.

மூசா உள்ளே வந்தபோது எனக்கு முதலில் தெரிந்தது அவன் எவ்வளவு மெலிவு என்பதுதான். பிறகு ஆடத் தொடங்கினான். நாற்பது நிமிடப் பயிற்சி ஆட்டத்தில், கூடையில் பட்டுத் திரும்பிய பதினான்கு பந்தைப் பிடித்து எடுத்தான், நான் எண்ணினேன். அதில் ஒன்பது, அவனைவிட உயரமான ஒருவன் பக்கத்தில் நின்றபோது எடுத்தவை. மற்றவர்கள் பந்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, இவன் அது விழப்போகும் இடத்துக்கு இரண்டு அடி முன்னதாகவே போய்விடுகிறான். அவனுடைய கால்களைப் பற்றி நான் ஒரு வரி எழுதியிருக்கவில்லை.

எங்களுக்குப் பின் வரிசையில் மூன்று பெடியங்கள். மூசா துள்ளும்போதெல்லாம் கையால் ஒரு ஃபிரிட்ஜ் கதவைத் திறக்கிற மாதிரிக் காட்டி, ரப்பர் பிரிகிற சத்தத்தை வாயால் போட்டார்கள். நாலாவது தடவை அவன் திரும்பிப் பார்த்தான். அண்ணை எழும்பிப் போய் அவர்களிடம் ஏதோ சொன்னார், அதன் பிறகு சத்தம் இல்லை. அவன் திரும்பிய பக்கத்தில் நான் தொப்பியைக் கழற்றி மடிக்குள் வைத்துக்கொண்டு இருந்தேன்.

12:45க்கு முடிந்தது. பக்க வாசலுக்கு வெளியே அவன் தனியாக நின்றான். அவனைக் கூட்டிவந்த உதவிப் பயிற்சியாளர் கார் எடுக்கப் போயிருந்தார். இரண்டு பாகைக் குளிர், அவன் போட்டிருந்தது மெல்லிய ஜாக்கெட், கை மணிக்கட்டுவரைகூட வரவில்லை. நான் திரும்பி நடக்கப் பார்த்தேன்.

“போய்க் கதை,” என்றார் அண்ணை.

“கதைக்கக் கூடாதெண்டு சொன்னவையெல்லோ.”

“அவை சொல்லுவினம். இண்டைக்கும் நித்திரை கொள்ளாமல் எனக்கு விடிய மூண்டு மணிக்கு மெசேஜ் போடப்போறது அவை இல்லை, நீ.”

போனேன். பிரெஞ்சில்தான் பேசினோம். என் வாய்க்கு வருகிற தமிழில் எழுதுகிறேன். என் பெயரைச் சொன்னேன், அந்த அளவைப் போட்டது நான்தான் என்றேன். மன்னிப்புக் கேட்டேன், என் மேல் இருக்கிற கோபத்தை அணி மேல் காட்ட வேண்டாம் என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

“ஃபிரிட்ஜ் நீதானா?” என்று என்னைக் குனிந்து பார்த்தான். “அது என்ர மாமாவின்ர கடை. உன்ர கணக்குச் சரி. இருநூற்றி ஆறு.”

கோபமாகத் தெரியவில்லை. அதுவே எனக்கு இன்னும் பயமாக இருந்தது. ஆக, இங்கே வர உனக்கு விருப்பம்தானா என்று கேட்டேன். தோளைக் குலுக்கினான். பிறகு சொன்னதை அவன் ஒரு குறையாகச் சொல்லவில்லை, பஸ் நேரம் சொல்கிற மாதிரித்தான் சொன்னான். அமெரிக்கக் கல்லூரி ஒன்று முழுச் செலவும் தருவதாக இரண்டு மாதம் வாராவாரம் கூப்பிட்டதாம். என் பதிவு சுற்றத் தொடங்கிய கிழமை, ஒரு மருத்துவரிடம் போய் அளந்து கடிதம் அனுப்பச் சொன்னார்களாம். அனுப்பினானாம். அதற்குப் பிறகு அழைப்பு இல்லை.

எப்படியும் அவர்கள் அளந்திருப்பார்கள்தானே என்றேன். நான் அதை எனக்காகத்தான் கேட்டேன், அவனுக்காக இல்லை.

“அளந்திருப்பாங்கள்,” என்றான். “ஆனா நான் அங்க போய் விளையாடினாப் பிறகு.”

கார் வந்தது. ஏறும்போது, தன் அளவுக்குக் குளிர் ஜாக்கெட் இந்த ஊரில் எங்கே கிடைக்கும் என்று கேட்டான். ஒரு கடையின் பெயரைச் சொன்னேன். ‘மெர்சி’ என்று நன்றி சொன்னான்.

என்ன சொன்னான் என்று அண்ணை கேட்டபோது, கோபம் இல்லையாம் என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்கு 3:05க்கு வந்தேன். திரும்பி வந்த வழியைப் பற்றி எழுத எதுவும் ஞாபகம் இல்லை.

ஞாயிறு மாலை ஆறு மணிக்கு அறிவித்தார்கள்: மூசா எங்களுக்கு. குழுவில் பத்து நிமிடத்தில் நானூறு செய்தி. அமெரிக்கக்காரர்கள் கைவிட்ட கதையும் அதற்குள் வெளியே வந்துவிட்டது. என்னை ராணி என்றார்கள், ஃபிரிட்ஜுக்குச் சிலை வைக்க வேண்டும் என்றார்கள். அண்ணை போன் எடுத்தார்.

“ஆள் எங்கட பக்கம் வந்திட்டான் பிள்ளை. இனி நிம்மதியாப் படு.”

அப்போதுதான் அவன் சொன்னது முழுவதையும் சொன்னேன். மறுபக்கம் அவர் பிள்ளைகளை மற்ற அறைக்குப் போகச் சொல்வது கேட்டது.

“நீ சொல்லாட்டி வேற ஆரும் கண்டுபிடிச்சிருப்பாங்கள்,” என்றார்.

“நான்தானே அண்ணை சொன்னனான்.”

“ஓம்,” என்றார்.

பதிவை அழித்துவிட்டேன். பிரதிகள் எங்கெங்கோ கிடக்கின்றன, அவற்றை என்னால் ஒன்றும் செய்ய முடியாது. அவனுடைய கால் வேலையைப் பற்றிப் பன்னிரண்டு நிமிட வீடியோ ஒன்று செய்து போட்டேன். நாற்பத்தொரு பேர் பார்த்திருக்கிறார்கள்.

நீங்களும் ஏப்ரலில் இப்படி ஒரு திறந்த பயிற்சிக்குப் போவதானால்: அரை மணி முன்னதாகப் போங்கள், நல்ல இடம் கூடைக்குப் பின்னால், ஆறாவது வரிசை. ஜிம்முக்குள் வெக்கை, வெளியே குளிர், அடுக்கடுக்காக உடுத்துங்கள். உள்ளே சாப்பாடு விற்கமாட்டார்கள். மலையடியில் இருக்கும் டெப்பனர் என்கிற மூலைக்கடையில் மூன்றரை டொலருக்கு ஒரு சாண்ட்விச் உண்டு, தின்னலாம், புகழ முடியாது. மணலில் சறுக்காத சப்பாத்துப் போடுங்கள். ஆட்டக்காரர்கள் வெளியே வரும் பக்க வாசலில் நிற்காதீர்கள். நிற்கத்தான் வேண்டும் என்றால், இணையத்தில் வைத்திருக்கும் பெயரை விட்டுவிட்டு அம்மா அப்பா வைத்த பெயரைச் சொல்லுங்கள்.

நேற்றுக் குழுவில் இன்னொரு படம் போட்டார்கள். அடுத்த ஆள், லித்துவேனியாக்காரன், ஒரு பஸ் தரிப்பிடத்தில் சாய்ந்து நிற்கிறான். எவ்வளவு உயரம் என்று என் பெயரைப் போட்டுக் கேட்டார்கள். தெரியாது என்று பதில் எழுதினேன். அதை எழுதும்போது அந்தத் தரிப்பிடத்தின் கண்ணாடி உயரத்தை ஏற்கெனவே தேடி எடுத்து, கணக்கையும் முடித்திருந்தேன்.