கோட்டுப்பையில் பயத்தம் பணியாரம்

என் தோழியின் கலியாணம், பசிபிக் கடலில் உள்ள அவளுடைய நாடான வனுவாட்டுவின் சிறிய தீவொன்றில் நடந்தது. சிட்னியிலிருந்து தலைநகருக்குப் பெரிய விமானம், அங்கிருந்து தீவுக்குக் குட்டி விமானம், பிறகு பிக்கப் வண்டியின் பின்தட்டில் மலைப்பாதை. எல்லாவற்றையும் நானே ஒழுங்குசெய்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பல்கலைக்கழகம் போய்ப் படித்தவள் நான். அம்மாவை அழைத்துப்போவதில் எனக்குப் பெருமை.

அந்தத் தோழி இல்லையென்றால் படிப்பும் இல்லை. நர்சிங் முதலாம் ஆண்டில், "எனக்குச் சரிவராது, செவன் ஹில்ஸில் அப்பா வேலைசெய்யும் தொழிற்சாலைக்கே போகிறேன்" என்று அழுதேன். ஹோம்புஷில் இருந்த தன் அறையில் என்னை உட்காரவைத்து, பரீட்சை முடியும்வரை பாடம் சொல்லித்தந்தாள். அவளுக்காகத்தான் அம்மா பயத்தம் பணியாரம் சுட்டார். பெட்டியின் எடை கூடிவிட்டதால், பொதிகளைக் குளிர்கோட்டின் பைகளில் திணித்து, அதைப் போட்டுக்கொண்டே விமானமேறினார்.

சுங்கத்தில் காட்டி அனுமதி வாங்கியாயிற்று. ஆனால் குட்டி விமானத்துக்குப் போனால், அங்கே பயணிகளையும் தராசில் ஏற்றினார்கள்.

"என்னையும் நிறுக்கினமே? நான் என்ன பூசணிக்காயே?"

"குட்டிப் பிளேன் அம்மா. கோட்டோட சேர்த்துத்தான் நிறுப்பினம்."

"அப்ப இந்த வெய்யிலுக்க நான் ஏன் பிள்ளை கோட்டுக்குள்ள அவியிறன்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அதிகாரிக்கு வரவில்லை. பாரம் அதிகம், ஏதாவதொன்றை விட்டுப்போக வேண்டும் என்றார். அடுத்த விமானம் கலியாணத்துக்குப் பிறகுதான்.

"கோட்டில இருக்கிறதை விட்டிட்டுப் போவம் அம்மா. தின்னுற சாமான்தானே."

"உன்னைப் படிப்பிச்ச பிள்ளையின்ர கலியாணத்துக்கு வெறுங்கையோட போறதோ? பெட்டியை விடு."

"உங்கட பட்டுச்சீலை அதுக்குள்ள."

"சீலை பிந்தி வரட்டும்."

பெட்டி நின்றது. நாங்கள் பறந்தோம்.

தீவில் எங்களை அழைக்க வந்த தோழியின் தாய், கதையைக் கேட்டுவிட்டு, பூப்போட்ட தன்னுடைய தொளதொளப்பான கவுனொன்றை அம்மாவுக்குக் கொடுத்தார். வாழ்நாளில் சேலை தவிர வேறெதுவும் உடுத்து விசேஷத்துக்குப் போகாத அம்மா, மறுநாள் அந்தக் கவுனோடு பந்தலுக்குள் பணியாரத் தட்டேந்தி நடந்தார். "எடுங்கோ, எடுங்கோ" என்பது எல்லோருக்கும் விளங்கியது.

மணப்பெண்ணிடம் வந்ததும் தட்டை என்னிடம் தந்துவிட்டு, அவள் கன்னங்களைப் பிடித்தார்.

"என்ர பிள்ளையைக் கைவிடாமப் பார்த்தனி. நல்லா இரு அம்மா."

மொழிபெயர்க்க வாயெடுத்தேன். வாய்நிறையப் பணியாரத்தோடு, வேண்டாம் என்று எனக்குக் கைகாட்டிவிட்டு, தோழி அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.