வெயில் மருந்து

அதுவரை என்னை நான் ஒரு கெட்டிக்காரன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் வேலையில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஐம்பதுகளின் நடுப்பகுதி. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து வரும் பெண்களில் முக்கால்வாசிப் பேருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. காலைக்கும் மதியத்துக்கும் ஒரு தூள், இரவுக்கு வேறு தூள், இரண்டும் வெள்ளை. வாயால் சொல்லி அனுப்பினால் வீடு போய்ச் சேர்வதற்குள் மாறிப்போய்விடும்.

ஆகவே படம் வரைந்தேன். ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமான ஆபீஸ் பென்சில் என்னிடம் இருந்தது. மலைக்கு மேல் பாதிச் சூரியன் என்றால் காலை, முழுச் சூரியன் என்றால் மதியம். இரவுக்கு நிலா வரையப் போனவன், நிலா தினமும் வராதே என்று யோசித்துக் குப்பி விளக்கு வரைந்தேன். அந்த யோசனைக்காக என்னையே நான் மெச்சிக்கொண்டதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஆனி மாத மழையில், கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி தன் இரண்டு வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நெஞ்சுச் சளி, காய்ச்சல். ஐந்து நாளுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, "படத்தைப் பாத்துக் குடு, பிழை விடாதை" என்றேன். தலையாட்டிவிட்டு முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

நான்காம் நாள் திரும்பி வந்தாள். பிள்ளையின் உடம்பு கொதித்தது, மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்றால் பாதையில் மண் சரிந்து லொறி ஓடவில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நோய் வேறா, அளவு போதவில்லையா? இரவில் இருமல் அடங்கி நன்றாகத் தூங்குகிறாள், பகலில்தான் அனலாய்க் கொதிக்கிறாள் என்றாள் தாய். அப்படியும் ஒரு காய்ச்சலா என்று என் புத்தகத்தை இரண்டு தரம் புரட்டினேன். அதில் அப்படி எதுவும் இல்லை. கடைசியில், மிச்ச மருந்தைக் காட்டு என்றேன்.

மேசையில் அவிழ்த்து வைத்தாள். விளக்குப் பொட்டலம் மூன்று குறைந்திருந்தது. சூரியன் போட்டவை அத்தனையும் பிரிக்காமல் அப்படியே இருந்தன.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. முன்கோபம் என்னோடு கூடப் பிறந்தது.

"நீ ஒரு தாயோ? பிள்ளை சாகக் கிடக்குது, நீ மருந்தைச் சேத்து வச்சிருக்கிறாய். ஏன் குடுக்கேல்லை?"

அவள் மிரண்டுபோய் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். வெளியே மலையும் தெரியவில்லை, வானமும் தெரியவில்லை.

"வெயிலே வரலைங்களே ஐயா" என்றாள். "வெயில் மருந்த இந்தக் குளிர்ல குடுத்தா ஒத்துக்காதுன்னுதானே படம் போட்டுத் தந்தீங்க."

எங்கள் ஊரில் விடிந்தால் வெயில். இங்கே நானே ஒன்பது நாளாகச் சூரியனைக் கண்டதில்லை. படம் அவளுக்குப் புரியவில்லை என்றால் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். அவளோ நான் வரைந்ததை அப்படியே வாசித்திருந்தாள். அப்படியானால் பிழை யாருடையது என்று எனக்குக் குழம்பியது.

முதல் வேளைத் தூளை நானே கரைத்துப் புகட்டினேன்.

"விடிஞ்சது உனக்கு எப்பிடித் தெரியும்?"

"காலையில வேலைக்கு ஆள் கூட்டுற பெரட்டுக்குத் தப்பு அடிப்பாங்கல்லங்க. அந்தச் சத்தத்துலதான் எந்திரிப்போம்."

"மத்தியானம்?"

"கொழுந்தத் தராசுல நிறுத்துட்டு ஆளுக லயத்துக்கு வருவாங்க."

புதுப் பொட்டலம் கட்டி, அதில் வட்டமாக ஒரு தப்பு வரைந்தேன். உற்றுப் பார்த்துவிட்டு, "இதுவும் சூரியந்தாங்களே" என்றாள் தயங்கித் தயங்கி. சூரியன்தான். பென்சிலை அவளிடமே நீட்டினேன். அகப்பை பிடிப்பதுபோல் அதைப் பிடித்து, வட்டத்தின்மேல் இரண்டு கோடு இழுத்தாள். ஒன்று கட்டை, ஒன்று நீளம். தப்படிக்கும் குச்சிகள். அதற்குமேல் அதில் எதுவும் தேவைப்படவில்லை. மதியத்துக்குத் தராசும் கூடையும் வரைந்தோம்.

அடுத்த நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. தப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம், இந்நேரம் கொடுத்திருப்பாளா என்று மனம் கிடந்து தவித்தது. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை பளிச்சென்று வெயில் அடித்தது. கதவைத் திறந்தால் அவள் நிற்கிறாள். இடுப்பில் பிள்ளை, கையில் பழைய சூரியப் பொட்டலங்கள். அன்று அவற்றையும் அவள் எடுத்துப்போனதை நான் கவனிக்கவில்லை.

"இன்னிக்கு வெயில் வந்திருச்சுங்க. புள்ள நல்லாத்தான் இருக்கா. இனி இது வேணுமாங்க?"

வேண்டாம் என்று வாங்கிக்கொண்டேன். அன்றைக்குக் கடுமையாகப் பேசிவிட்டேன் என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவள் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

"அந்த மூணு நாளும் நான் கொழுந்து பறிக்க மலைக்கே போகலைங்க. புள்ளையத் தூக்கிக்கிட்டு வாசல்லயே நின்னேன். ஒரு பொட்டு வெயில் பட்டாலும் ஒடனே குடுத்திரலாம்னு பொட்டலத்தக் கையிலயே வச்சிருந்தேன்."

அவள் போன பிறகு பொட்டலங்களைப் பார்த்தேன். மேலே இருந்ததில் பாதிச் சூரியனின் சிவப்பு விரல்பட்டு விரல்பட்டு அழிந்துபோயிருந்தது. அன்று என் மேசையில் அவிழ்த்து வைத்தபோதும் அது அப்படித்தான் இருந்திருக்கும். நான் பார்க்கவில்லை.